ஆல்டர்நேட் பிக்கிங்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் அல்சூர், பிரேசர் டவுன், இந்திரா நகர்ப் பக்கங்களில் கிதார் கற்கும் தமிழ் மாணவர்களும், ஐ.டி. வேலைக்காக இங்கு வந்து வார இறுதியில் மட்டும் கிதாரைக் கையில் எடுப்பவர்களும், பிள்ளையை வகுப்பில் விட வந்து தாங்களும் கற்கத் தொடங்கிய பெற்றோரும் வலக்கையைப் பற்றி என்னிடம் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் முழுவதிலும் "கீழ்" என்பது தரையை நோக்கிய திசை. தடித்த ஆறாம் தந்தி கூரைப் பக்கமாகவும் மெல்லிய முதல் தந்தி தரைப் பக்கமாகவும் இருக்கும்படி, வலக்கையால் மீட்டுபவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சார், ஆல்டர்நேட் பிக்கிங்னா சரியா என்ன? கீழ மேல அடிக்கிறதுதானே?

ஆம், ஒரு ஸ்வரத்தைக் கீழ்நோக்கிய அடியாலும் (டவுன் ஸ்ட்ரோக்) அடுத்ததை மேல்நோக்கிய அடியாலும் (அப் ஸ்ட்ரோக்) மாற்றி மாற்றி மீட்டுவதுதான். ஆனால் கண்டிப்பான முறையில், தந்தி மாறினாலும் இந்த வரிசை மாறக்கூடாது. ஐந்தாம் தந்தியின் கடைசி ஸ்வரம் டவுன் என்றால், நான்காம் தந்தியின் முதல் ஸ்வரம் அப் ஆகத்தான் இருக்க வேண்டும். இதிலுள்ள சிரமம் அனைத்தும் பெரும்பாலும் இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கிறது.

டவுன் ஸ்ட்ரோக் மட்டும் போட்டாலே சத்தம் நல்லா வருது. அப் ஸ்ட்ரோக் எதுக்கு?

ஒவ்வொரு டவுன் ஸ்ட்ரோக்குக்குப் பிறகும் கை எப்படியும் மேலே திரும்பி வந்தாக வேண்டும். அந்தத் திரும்பும் பயணத்தில் ஒரு ஸ்வரத்தை ஒலிக்கச் செய்தால், அதே கை உழைப்பில் இரண்டு மடங்கு ஸ்வரங்கள் கிடைக்கின்றன. மெட்டல் இசையில் கனமான ரிதம் வேண்டும் என்பதற்காக முழுக்க டவுன் ஸ்ட்ரோக்கிலேயே வாசிப்பவர்கள் உண்டு. மெட்டாலிகா இசைக்குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு அதற்குப் பேர்போனவர். அது ஒலிக்காகத் தேர்ந்தெடுத்த வழி. அப் ஸ்ட்ரோக் வராததால் டவுனிலேயே நிற்பதை அதோடு சேர்க்க முடியாது.

எந்த பிக் வாங்கணும் அண்ணா? எப்படிப் பிடிக்கணும்?

பிக் என்பது தந்தியை மீட்டும் சிறு தகடு. கார்டு (பல தந்திகளை ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) தட்டுவதற்கு நன்றாக இருக்கும் 0.60 மி.மீ. பிக் இதற்கு ஏற்றதல்ல. அது தந்தியில் பட்டதும் வளைந்து, தாமதமாக நிமிர்கிறது. 0.88 மி.மீ.க்கு மேல், 1.5 மி.மீ. வரை உள்ளவற்றில் இரண்டு மூன்றை வாங்கிப் பாருங்கள். டன்லப் ஜாஸ் த்ரீ என்ற சிறிய பிக் 1.38 மி.மீ. தடிமன் கொண்டது, முனை கூராக இருப்பதால் தனி ஸ்வரங்களுக்குப் பலரும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் பக்கவாட்டில் பிக்கை வைத்து, கட்டைவிரலின் தசைப்பகுதியால் மூடுங்கள். முனை சில மி.மீ. மட்டும் வெளியே தெரிந்தால் போதும். பிக் முழுத் தட்டையாகத் தந்தியை மோதாமல், அதன் விளிம்பு சற்று முன்பாகப் படும்படி திருப்பிப் பிடித்தால் தடை குறையும், பிக் வழுக்கிக்கொண்டு செல்லும். விளிம்பை அளவுக்கு மீறித் திருப்பினால் சரசரப்பு ஒலி கூடும். எந்த அளவு போதும் என்பதைக் காதே சொல்லிவிடும்.

மணிக்கட்டா, முழங்கையா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

இரண்டுமே பயன்படுகின்றன. மணிக்கட்டைப் பக்கவாட்டில் அசைப்பது ஒரு வழி. முன்கையைப் பூட்டில் சாவி திருப்புவது போல் சுழற்றுவது இன்னொரு வழி. முழங்கையிலிருந்து வரும் அசைவாலும் மிக வேகமாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் இவற்றில் இரண்டைக் கலந்தே பயன்படுத்துகிறார்கள். "மணிக்கட்டு மட்டும்தான் சரி" என்ற கட்டளையை நான் ஏற்பதில்லை; தோள் உயர்ந்து, முன்கை கல்லாக இறுகிய நிலையில் வரும் எந்த அசைவும் தவறு, தளர்வாக வரும் எந்த அசைவும் சரி என்பதே என் கணிப்பு.

உங்களுக்கு எது இயல்பு என்று அறிய, இடக்கையைத் தந்திகள் மேல் லேசாகப் படியவைத்து ஒலியை அடக்கிவிட்டு, மூன்றாம் தந்தியில் மட்டும் சில நொடிகள் உங்களால் முடிந்த வேகத்தில், யோசிக்காமல் அடித்துப் பாருங்கள். அப்போது எந்த மூட்டு அசைகிறதோ அதிலிருந்தே தொடங்கலாம்.

மெட்ரோனோம் 60ல ஆரம்பிச்சு அஞ்சு அஞ்சா கூட்டுறேன். 110 வந்ததும் அப்படியே நின்னுடுது. மாசக்கணக்கா இதே கதைதான்.

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். மெட்ரோனோம் (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) காலப்பிரமாணத்தைச் சரிசெய்யும். கையசைவு தவறாக இருந்தால் அதைத் திருத்தித் தராது. 60 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 60 தட்டு) ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் நொடிக்கு நான்கு ஸ்வரம் மட்டுமே. அந்த நிதானத்தில் பிக்கைத் தந்திக்கு மேலே தூக்கித் தூக்கி வைத்தாலும், மணிக்கட்டை வீணாக மடக்கினாலும், எல்லாம் சரியாகவே கேட்கும். 120இல் நொடிக்கு எட்டு ஸ்வரம். அங்கே தூக்கி வைக்க நேரமில்லை. ஆகவே மெதுவாகப் பல மாதம் பழகியது, வேகத்துக்குச் சற்றும் உதவாத வேறொரு அசைவாக இருந்திருக்கலாம்.

நான் தலைகீழாகத் தொடங்கச் சொல்கிறேன். மேலே சொன்னபடி ஒரே தந்தியில் வேகமான, தளர்வான அசைவை முதலில் கண்டுபிடியுங்கள். ஸ்வரங்கள் சற்றுக் கலங்கினாலும் பரவாயில்லை. பிறகு அதே அசைவை, அதே பிடியோடும் அதே கோணத்தோடும், மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கைபேசியில் ஸ்லோ மோஷனில் பதிவு செய்து பார்ப்பது பெரிய உதவி: நொடிக்கு 240 படம் எடுக்கும் அமைப்பில், நொடிக்கு எட்டு ஸ்வரம் வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முப்பது படங்கள் கிடைக்கும். வேகமான வாசிப்பையும் மெதுவான வாசிப்பையும் பதிவு செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கை வெவ்வேறாக அசைந்தால், மெதுவான பயிற்சி எதையோ வேறொன்றை வளர்த்திருக்கிறது.

ஐந்து ஐந்தாக ஏறுவதற்குப் பதிலாக, வசதியான வேகத்தில் இரண்டு தட்டு, அதன் இரட்டிப்பு வேகத்தில் ஒரு தட்டு, மறுபடி வசதியான வேகம் என்று குறுகிய வேக வெடிப்புகளாகப் பழகுங்கள். கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே வரிசையை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடுவதைத்தான் இங்கே விரல்களுக்குக் கொண்டு வருகிறோம்.

ஒரே தந்தியில வேகமா வருது, தந்தி மாறும்போதுதான் தடுக்குது. ஏன்?

இந்தக் கேள்வியில்தான் விஷயத்தின் சாரம் இருக்கிறது. தந்திகள் எல்லாம் ஒரு தளத்தில் படுத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக் அந்தத் தளத்துக்கு இணையாக மட்டுமே அசைந்தால், ஒவ்வொரு அடியின் முடிவிலும் இரு தந்திகளுக்கிடையே சிக்கி நிற்கும்; தாண்டிச் செல்ல வழியில்லை. உண்மையில் பெரும்பாலோரின் அசைவு சற்றுச் சாய்ந்தே இருக்கிறது: ஒரு திசையில் அடிக்கும்போது முனை தளத்துக்குள் புதைகிறது, எதிர்த்திசையில் அடிக்கும்போது தளத்தை விட்டு வெளியேறுகிறது. வெளியேறும் அடியில் ஒரு தந்தியை முடித்தால், அடுத்த தந்திக்குத் தடையில்லாமல் போகலாம். புதையும் அடியில் முடித்தால், நடுவிலுள்ள தந்தியைத் துள்ளித்தான் தாண்ட வேண்டும். அந்தத் துள்ளல்தான் நீங்கள் சொல்லும் தடுக்கல்.

ஆகவே முதலில் உங்கள் அசைவில் எந்த அடி வெளியேறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் தந்தியில் வேகமாக அடிப்பதை முன்பு சொன்ன ஸ்லோ மோஷனில், பிக் முனையை நோக்கிய கோணத்தில் படமெடுங்கள். அப் ஸ்ட்ரோக்கின் முடிவில் முனை தந்திகளுக்கு மேலே தெரிந்தால் நீங்கள் அப்பில் வெளியேறுபவர். டவுனின் முடிவில் தெரிந்தால் டவுனில் வெளியேறுபவர். இரண்டிலும் சிறிய அரைவட்டமாக வெளியேறுபவர்களும் உண்டு. அமெரிக்கரான ட்ராய் கிரேடி, கிதாரிலேயே கேமராவைப் பொருத்திப் பல தேர்ந்த கலைஞர்களின் கையைப் படமெடுத்து இதை விளக்கியிருக்கிறார். அதற்கு முன் கைவிரைவு என்று பொதுவாகச் சொல்லிவந்தது, பெரும்பகுதி தந்தியிலிருந்து வெளியேறும் திசையைப் பற்றியதே என்று அதைப் பார்த்தால் புரியும்.

இன்சைட், அவுட்சைட்னு சொல்றாங்களே, அதை ஒரு உதாரணத்தோட சொல்லுங்க.

உங்களில் பலருக்கு வாய்ப்பாட்டாகத் தெரிந்த மாயாமாளவகௌளை சரளி வரிசையையே எடுத்துக்கொள்வோம். புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்லும் ஆரம்பப் பாடத்தை, அவர் பாடித் திரிந்த கன்னட நாட்டில் உட்கார்ந்து கிதாரில் பழகுவது எனக்கு மகிழ்ச்சியான விஷயம். ஸட்ஜம் சி ஸ்வரத்தில் இருக்கட்டும். ஐந்தாம் தந்தியில் 3, 4, 7 ஆகிய ஃப்ரெட்களில் (கிதார் கழுத்தின் குறுக்கே உள்ள கம்பிக் கட்டங்களில்) ஸ, ரி, க. நான்காம் தந்தியில் 3, 5, 6இல் ம, ப, த. மூன்றாம் தந்தியில் 4, 5இல் நி, மேல் ஸ. ஸவை டவுனில் தொடங்கினால் க டவுனில் முடிகிறது, ம அப்பில் தொடங்குகிறது. இரு தந்திகளையும் வெளிப்புறத்திலிருந்து தாக்குவதால் இது அவுட்சைட் மாற்றம். அடுத்து த அப்பில் முடிந்து நி டவுனில் தொடங்குகிறது. இரு தந்திகளுக்கும் இடையிலிருந்தே இரு அடிகளும் கிளம்புவதால் இது இன்சைட் மாற்றம். எட்டே ஸ்வரத்தில் இரண்டு வகையும் வந்துவிட்டன, முதலாவது டவுனில் வெளியேறக் கேட்கிறது, இரண்டாவது அப்பில் வெளியேறக் கேட்கிறது. எளிய வரிசை எனத் தோன்றும் இதில் பலர் தடுமாறுவது இதனால்தான்.

இப்போது அதே ஸ்வரங்களை வேறு இடங்களில் வையுங்கள்: ஐந்தாம் தந்தியில் 3, 4இல் ஸ, ரி, நான்காம் தந்தியில் 2, 3, 5, 6இல் க, ம, ப, த, மூன்றாம் தந்தியில் 4, 5இல் நி, ஸ. இரண்டு, நான்கு, இரண்டு என்று எல்லாமே இரட்டைப்படை. டவுனில் தொடங்கினால் ஏறினாலும் இறங்கினாலும் ஒவ்வொரு தந்தி மாற்றமும் அப்புக்குப் பிறகே வருகிறது. அப்பில் வெளியேறுபவர் இதைச் சில நாள்களிலேயே இலகுவாக வாசித்துவிடுவார். டவுனில் வெளியேறுபவர் முதல் ஸவை அப்பில் தொடங்கினால் அதே இலகு அவருக்கும் கிடைக்கும். ஸ்வீடன் நாட்டுக் கலைஞர் யங்வி மால்ம்ஸ்டீன் வாசிப்பில் இப்படி ஒரு தந்திக்கு இரட்டைப்படையாக ஸ்வரங்களை அமைக்கும் பழக்கத்தைக் காணலாம்.

அப்போ ஜண்டை வரிசை சுலபமா இருக்கணுமே? எனக்கு அதுவும் தட்டுதே!

ஜண்டையில் ஸஸ ரிரி கக என்று ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு முறை வருவதால், எந்த ஃப்ரெட் அமைப்பில் வாசித்தாலும் ஒவ்வொரு தந்தியும் அப்பிலேயே முடியும். அப்பில் வெளியேறுபவருக்கு அது சுலபமே. உங்களுக்குத் தட்டுகிறது என்றால், அநேகமாக உங்கள் கை டவுனில் வெளியேறும் கை. ஒருமுறை அப்பில் தொடங்கி வாசித்துப் பாருங்கள். தடுக்கல் சட்டென்று குறைந்தால் காரணம் தெளிவாகிவிட்டது. இதனால்தான் ஜண்டையைப் பயிற்சியாக மட்டுமல்லாமல் சோதனையாகவும் பயன்படுத்துகிறேன்.

அப்படின்னா ஒரு பக்கம் வெளியேறத் தெரிஞ்சாலே போதுமா?

நீண்ட காலத்துக்குப் போதாது. இசை எல்லா இடத்திலும் இரட்டைப்படையாக அமைந்து தராது. மேலே காட்டிய முதல் சரளி அமைப்பு ஒரு சிறு எடுத்துக்காட்டு. ஆனாலும் முதல் ஓராண்டுக்கு உங்கள் இயல்பான திசைக்கு ஏற்ற வரிசைகளையே நிறைய வாசித்து, வேகத்தில் தளர்வு எப்படி இருக்கும் என்பதைக் கைக்குப் பழக்கப்படுத்துங்கள். அதற்குப் பிறகு மறுதிசையை, ஒரே ஒரு தந்தி மாற்றத்தை மட்டும் வைத்துப் பழகுங்கள்: க டவுன், ம அப், அவ்வளவுதான், திரும்பத் திரும்ப. கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் கண்டிப்பான ஆல்டர்நேட் பிக்கிங்குக்குப் பெயர் பெற்றவர். 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ஷக்தி என்ற குழுவில் அவர் வாசித்ததைக் கேளுங்கள்: ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் தெறிப்பதைக் கேட்டால் எதற்காக இந்தப் பாடு என்பது விளங்கும். பின்னாளில் அவரோடு சேர்ந்து வாசித்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், பிக்கால் மீட்டியே கமகத்தையும் (ஸ்வர அசைவையும்) வேகத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தவர்.

தகதிமி வாசிச்சா நல்லா இருக்கு. தகிட வந்தா அழுத்தம் எங்கேயோ போயிடுது.

நான்கில் த எப்போதும் டவுனில் விழுகிறது. மூன்றில் முதல் தகிட டவுன், அப், டவுன். இரண்டாவது தகிட அப், டவுன், அப். அழுத்தம் ஒருமுறை டவுனிலும் ஒருமுறை அப்பிலும் வந்தாக வேண்டும். நம் அப் ஸ்ட்ரோக் பொதுவாக மெலிந்தது என்பதால் இரண்டாவது த காணாமல் போகிறது. கண்ட நடையில் தகதகிட என்று ஐந்தாக வாசித்தாலும் இதே மாற்றம்தான்.

ஒரே தந்தியில், ஒரே ஸ்வரத்தில், தகிட என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். அப்பில் விழும் த மட்டும் உரக்கக் கேட்கட்டும், மற்றவை மெல்லியதாக இருக்கட்டும். பிறகு முழு வரிசையையும் அப்பில் தொடங்கி வாசியுங்கள். கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) தெரிந்தவர்கள் இதில் மற்றவர்களைவிட விரைவாக முன்னேறுவதைப் பார்த்திருக்கிறேன். வாய் சொல்லும் அழுத்தத்தைக் கை தேடிக்கொண்டு போகிறது.

வலக்கை வேகமா இருக்கு, இடக்கை பின்தங்குது. ரெண்டும் சேரவே மாட்டேங்குது.

இடக்கை விரல் பிக்குக்கு ஒரு நொடிப்பொழுது முன்னால் ஃப்ரெட்டில் அமர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் வரட்டும் என்று வைத்தால், விரல் சற்றுத் தாமதமானாலே ஸ்வரம் மங்கிவிடும். எல்லா ஸ்வரங்களையும் ஒட்டவைக்க முயலாதீர்கள். நான்கு ஸ்வரக் கூட்டத்தில் முதல் ஸ்வரத்துக்கு மட்டும் சற்று அழுத்தம் கொடுத்து, அதில் இரு கைகளும் சந்திப்பதை உறுதி செய்யுங்கள். இடையிலுள்ள மூன்றும் தாமாக வரிசையில் வரும். சுண்டுவிரல் ஃப்ரெட்டிலிருந்து வெகுதூரம் பறந்து திரும்புகிறதா என்றும் பாருங்கள். பல நேரங்களில் குற்றம் அங்கே இருக்கும்.

வேகமா வாசிக்கும்போது மத்த தந்தியெல்லாம் இரையுது.

மேலே உள்ள தடித்த தந்திகளை வலக்கை உள்ளங்கையின் ஓரத்தாலும், கீழே உள்ள மெல்லிய தந்திகளை இடக்கை ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியாலும் தொட்டு அடக்க வேண்டும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டு வாசிக்கும்போது இது விருப்பத் தேர்வு அல்ல, கட்டாயம்.

பிஜியில (பேயிங் கெஸ்ட் விடுதியில) இருக்கேன், ராத்திரி பத்து மணிக்கு மேலதான் நேரம் கிடைக்குது. ஆம்ப் இல்லாம வாசிச்சா போதுமா?

எலெக்ட்ரிக் கிதாரை ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் வாசித்தால், ஒலி கேட்கவில்லையே என்று கை தானாகவே ஓங்கி அடிக்கத் தொடங்கும். இறுக்கம் அங்கிருந்துதான் வருகிறது. தந்திகள் தரும் இரைச்சலும் கேட்காது. ஹெட்போன் செருகும் சிறிய ஆம்ப் ஒன்று இருந்தால் போதும், பக்கத்து அறைக்காரரின் தூக்கமும் கெடாது. அக்கூஸ்டிக் கிதார் மட்டும் இருந்தால், உடல் பகுதியில் தந்திகளைத் தாங்கும் பாலத்தருகே (பிரிட்ஜ்) ஒரு மெல்லிய துணியை வைத்து ஒலியைத் தணிக்கலாம். டிசம்பர், ஜனவரிக் குளிரில் விரல்கள் மரத்திருக்கும்போது வேகப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். சில நிமிடம் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மெதுவான வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

நாள் முழுக்க லேப்டாப். சாயங்காலம் பிக்கிங் பண்ணா மணிக்கட்டு வலிக்குது. பழகினா சரியாகிடுமா?

சரியாகாது, வலியோடு பழகக் கூடாது. விசைப்பலகையும் மவுஸும் ஏற்கெனவே களைப்பாக்கிய அதே தசைநாண்களைத்தான் நீங்கள் மாலையில் மறுபடி உழைக்கச் செய்கிறீர்கள். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். பயிற்சியை ஒரே மூச்சாகச் செய்யாமல், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, இடையில் கையைத் தொங்கவிட்டு ஓய்வு கொடுங்கள். விரல்களில் மரத்துப்போதலோ கூச்சமோ தொடர்ந்தால், குறிப்பாக இரவில் அதனால் விழிப்பு வந்தால், மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் கிதாரைத் தொட வேண்டும். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விதிவிலக்கு தருவதில்லை.

எகானமி பிக்கிங் இதைவிட ஈஸின்னு ஒரு நண்பர் சொல்றார். அதுக்கே போயிடலாமா?

எகானமி பிக்கிங்கில், அடுத்த தந்தி எந்தத் திசையில் இருக்கிறதோ அதே திசையில் பிக் தொடர்ந்து செல்லும். முதல் சரளி அமைப்பில் க டவுன், ம வும் டவுன். துள்ளல் தேவையில்லை என்பது உண்மை. ஆஸ்திரேலியக் கலைஞர் ஃபிராங்க் கம்பாலே இந்த வழியில் மிக உயர்ந்த இடத்துக்குச் சென்றவர். ஆனால் தந்தி மாறும் இடத்தில் இரண்டு ஸ்வரங்களும் அவசரமாக ஒன்றன்மேல் ஒன்று விழும் ஆபத்து இதில் அதிகம். லயம் உறுதியாக இல்லாதவர் அங்கே நழுவிவிடுவார். லயம் கைக்கு வரும்வரை ஆல்டர்நேட்டில் இருங்கள், பிறகு இரண்டையும் பயன்படுத்துங்கள் என்பதே நான் சொல்வது.

நடுவுல ஹேமர் ஆன், ஸ்லைடு வந்தா கை திசை என்ன ஆகணும்? இது யாருமே சொல்லித் தரல.

கேட்க வேண்டிய கேள்வி இது. ஹேமர் ஆன் என்பது இடக்கை விரலைத் தந்தியில் தட்டி ஸ்வரம் எழுப்புவது, ஸ்லைடு என்பது விரலைத் தந்தியில் வழுக்கி அடுத்த ஸ்வரத்துக்குப் போவது; அந்த ஸ்வரங்களுக்குப் பிக் படாது. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்வரம் பிக்கால் மீட்டப்படாவிட்டாலும் கை காற்றில் அந்த அடியை அடித்துக்கொண்டே செல்வது. அப்போது தட்டு எப்போதும் டவுனில் விழும், லயம் கலையாது. ரிதம் வாசிப்புக்கும் நிதானமான வரிகளுக்கும் இது சிறந்தது. மற்றொன்று, மீட்டும் ஸ்வரங்களை மட்டும் எண்ணி டவுன், அப் என மாற்றுவது; அப்போது கமகமும் ஸ்லைடும் நிறைந்த ஒரு வரியில் தட்டு எதிலும் விழக்கூடும்.

வேகமான வரியில், எந்த ஸ்வரத்தை இடக்கைக்கு விடுகிறீர்கள் என்பதே தந்தி மாற்றத்தைத் தீர்மானிக்கும். முதல் சரளி அமைப்பில் ரியிலிருந்து கவுக்கு ஹேமர் ஆன் போட்டால், ஐந்தாம் தந்தியில் மீட்டுவது ஸ டவுன், ரி அப் மட்டுமே. அப்பில் முடிகிறது, ம டவுனில் தொடங்குகிறது. நான்காம் தந்தியில் பவிலிருந்து தவுக்கும் அதையே செய்தால் ம டவுன், ப அப்; நி மறுபடி டவுன். அப்பில் வெளியேறும் கைக்கு முழு வரிசையும் தடையின்றித் திறந்துவிடுகிறது. ஒரு ஸ்வரம் சற்று மென்மையாக ஒலிக்கும், அவ்வளவுதான். ராகத்தில் அந்த மென்மை எந்த இடத்தில் பொருந்தும் என்று பார்த்து, ஹேமர் ஆனை அங்கே வையுங்கள்.